மருந்து அங்கேயே இருக்க வேண்டும்: வாசகர் கேள்வி பதில்

கிருமி தாக்கிய இடத்திலேயே மருந்தைத் தங்க வைக்கும் இயற்கைப் பாலிமர்களை, அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறுகளைப் பற்றிச் சென்ற இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் படித்தபோது, அரைப் பக்கம் போதவில்லை என்று புரிந்தது. பலர் வீட்டில் நோயாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். அதனால் இந்த இதழ் முழுக்க அதே விஷயம்தான். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தை ஜெல்லாக, படலமாக, மணியாக ஆக்கும் ஆய்வகத்தில் 26 வருடம் வேலை பார்த்தவள். எந்த மருந்து வேண்டும் என்பதை உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டும். அந்த மருந்து போன இடத்தில் என்ன ஆகிறது என்பதை நான் சொல்ல முடியும்.

கேள்வி: அப்பாவுக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் புண். நர்ஸ் வெள்ளையாகப் பஞ்சு போன்ற ஒன்றை வைத்துக் கட்டினார். கடற்பாசியில் செய்தது என்றார். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் பஞ்சைக் காணோம். மஞ்சளாக, வழவழவென்று கூழ் மாதிரி இருந்தது. சீழ் பிடித்துவிட்டது என்று அம்மா அழுதுவிட்டார். அது சீழா, மேடம்?

அம்மாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்: அந்தக் கூழ் பெரும்பாலும் அந்தப் பஞ்சேதான்.

அதன் பெயர் கால்சியம் ஆல்ஜினேட். பழுப்பு நிறக் கடற்பாசியின் உடலில் இருக்கும் நீண்ட சங்கிலி மூலக்கூறு. இ.சி.சி. ஸ்டான்ஃபோர்டு என்ற வேதியியலாளர் 1881-ல் இதைப் பிரித்தெடுத்துக் காப்புரிமை வாங்கினார். இந்தச் சங்கிலியில் சில பகுதிகள் மடிந்து மடிந்து குழி குழியாக இருக்கும். இரண்டு சங்கிலிகள் எதிரெதிரே வந்தால், நடுவில் இருக்கும் குழிகளில் கால்சியம் அயனிகள் போய் உட்கார்ந்துகொள்ளும். முட்டை அடுக்கும் அட்டையில் முட்டை உட்காருவது போல. 1973-ல் இந்த அமைப்பை விளக்கிய ஆய்வாளர்களும் முட்டைப் பெட்டி என்றே பெயர் வைத்தார்கள். கால்சியம் உட்கார்ந்திருக்கும் வரை சங்கிலிகள் பிரியாது, இழையாக நிற்கும்.

புண்ணிலிருந்து கசியும் நீரில் சோடியம் நிறைய இருக்கிறது. அது மெல்ல மெல்லக் கால்சியத்தை வெளியே தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. சோடியத்துக்கு இரண்டு சங்கிலிகளைச் சேர்த்துப் பிடிக்கும் வலு கிடையாது. இழை நீரை உறிஞ்சி உப்பி, கூழாகிறது. புண் ஈரமாக இருக்கவும், கட்டைப் பிரிக்கும்போது புதுச்சதை பிய்ந்து வராமல் இருக்கவும்தான் இந்த ஏற்பாடு.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான். சோடியம் ஆல்ஜினேட் கரைசலைச் சிரிஞ்சில் எடுத்து, கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சொட்டு நீரைத் தொட்ட நொடியில் அதன் மேல் தோல் கட்டிவிடும். அடியில் போய் உருண்டை மணியாகக் கிடக்கும். சிரிஞ்சை மிகத் தாழ்வாகப் பிடித்தால் சொட்டுக்கு வால் முளைத்துத் தலைப்பிரட்டை போல ஆகிவிடும்; கொஞ்சம் உயர்த்தினால் சரியாகிவிடும். அப்புறம் அதே மணிகளை எடுத்துச் சிட்ரேட் கரைசலில் போட்டால், சிட்ரேட் கால்சியத்தைப் பறித்துக்கொள்ளும். மணி வீங்கி, ஓரம் மங்கி, கொஞ்ச நேரத்தில் இருந்த சுவடே இல்லாமல் போகும். உங்கள் அப்பாவின் கட்டுக்குள் நடந்ததும் ஏறக்குறைய இதுதான்.

இனி, கவனமாகப் பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். கூழைச் சலைன் நீரால் கழுவிய பிறகு புண்ணின் அடித்தளம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். சிவந்து, ஈரமாக, சுத்தமாக இருந்தால் நல்லது. கழுவிய பிறகும் நாற்றம் போகவில்லை, சுற்றியுள்ள தோல் சிவந்து சூடாக இருக்கிறது, வீக்கம் பரவுகிறது, காய்ச்சல் வருகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் போய்விட வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். வலி இல்லை என்பதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. வெறும் ஆல்ஜினேட் கிருமியைக் கொல்லாது. அது நீரை உறிஞ்சும், ஈரத்தைக் காக்கும், அவ்வளவுதான். வெள்ளி சேர்த்த ஆல்ஜினேட் கட்டுகளும் உண்டு. ஆனால் சர்க்கரை நோய்ப் பாதப் புண்ணில், ஆல்ஜினேட் மற்றக் கட்டுகளைவிட வேகமாக ஆற்றும் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. அந்தப் புண்ணில் தொற்று இருந்தால் வெள்ளி போன்ற மேற்பூச்சுகளை நம்பி இருக்க வேண்டாம் என்றுதான் சர்வதேச வழிகாட்டு நெறிகளும் சொல்கின்றன. அப்பாவின் கால் ஆற வேண்டுமானால் சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும், புண்ணில் எடை விழக் கூடாது, காலுக்கு ரத்த ஓட்டம் போதுமா என்று சோதித்திருக்க வேண்டும். கட்டு இதற்கெல்லாம் பின்னால் வருவது.

கேள்வி: மாத்திரையோ ஊசியோ போட்டால் மருந்து உடம்பு முழுவதும் போகிறதே. பிறகு எதற்கு ஓர் இடத்தில் மட்டும் வைக்க வேண்டும்?

ரத்தம் போகும் இடத்துக்குத்தான் மருந்தும் போகும். அடிபட்டுச் செத்துப்போன எலும்புத் துண்டுக்குள் ரத்தம் போகாது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையில் உண்டான ஆழமான பள்ளத்திலும், கருவிழியிலும் இதே கதைதான்: ரத்தம் வழியாகப் போய்ச் சேரும் மருந்து போதாது. கருவிழியில் ரத்தக் குழாயே கிடையாது.

இன்னொரு சிக்கல் உயிர்ப்படலம். கிருமிகள் தனித்தனியாகத் திரியாமல், ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தங்களைச் சுற்றிப் பசை போன்ற உறையைப் பின்னிக்கொண்டு கூட்டமாக வாழும். அந்த நிலையில் அவற்றைக் கொல்ல, தனியாக நீந்தும் கிருமிக்குத் தேவையான அளவைப் போல நூறு மடங்கு, சில நேரம் ஆயிரம் மடங்கு ஆன்டிபயாட்டிக் வேண்டியிருக்கும். அவ்வளவையும் ஊசி வழியாகக் கொடுத்தால் சிறுநீரகமும் காதும் தாங்காது. ஓர் இடத்தில் மட்டும் அந்த அளவை எட்ட முடிந்தால், உடம்பின் மற்ற பகுதிக்கு அந்தச் சுமை இல்லை.

அந்த உறை எதனால் ஆனது தெரியுமா? சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற கிருமி தன் உறைக்கு ஆல்ஜினேட்டைத் தானே தயாரிக்கிறது. நாம் கடற்பாசியிலிருந்து எடுத்துக் கட்டுப் போடும் அதே வகைப் பொருள். முதல் தடவை இதைப் படித்தபோது அன்று முழுவதும் வேறு வேலை ஓடவில்லை எனக்கு.

கேள்வி: ஈறு நோய்க்குப் பல் மருத்துவர் ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறத்தில் ஒரு சின்னத் தகட்டைப் பல்லிடுக்கில் செருகினார். பத்து நாள் ஆகிறது. அதைத் திரும்ப எடுக்கவில்லை. உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்குமோ?

இருக்காது. அது கரைந்திருக்கும். கரைவதற்காகவே செய்த தகடு அது.

சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்த ஜெலட்டினில் 2.5 மில்லிகிராம் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியை வைத்த சில்லு. 4 மில்லிமீட்டருக்கு 5 மில்லிமீட்டர், தடிமன் 0.35 மில்லிமீட்டர். ஒரு முனை மட்டும் வளைவாக இருக்கும். அந்த முனைதான் முதலில் உள்ளே போகும். எனக்கும் ஒரு கடைவாய்ப் பல்லில் போட்டார்கள். பல வருடம் ஜெலட்டின் படலங்களைக் கையில் பிடித்து, வளைத்து, ஒடித்துப் பார்த்தவள் நான். அது என் ஈறுக்குள் போனபோது ஒரு நொடி முரட்டுக் காகிதம் போல உறுத்தியது. பிறகு ஈரம் பட்டு, இளகி, அங்கேயே ஒட்டிக்கொண்டது. அன்று சாயங்காலம் நாக்கால் துழாவினேன். எதுவும் தட்டுப்படவில்லை.

முதல் 24 மணி நேரத்தில் சுமார் 40 சதவீத மருந்து வெளியே வரும். மீதி ஏழு முதல் பத்து நாள் வரை கொஞ்சம் கொஞ்சமாக வரும். அதற்குள் ஜெலட்டினை நம் உடம்பின் நொதிகளே வெட்டித் தீர்த்துவிடும். ஜெலட்டின் என்பது கொலாஜனைச் சிதைத்து எடுத்த புரதம். கொலாஜனை வெட்டும் வேலை உடம்புக்குப் பழக்கமானது, ஈறில் அழற்சி இருக்கும்போது அந்த நொதிகள் இன்னும் அதிகமாகவே இருக்கும்.

வாய் கொப்புளிக்கும் மருந்தாக இதே குளோர்ஹெக்சிடினை எத்தனை தடவை ஊற்றினாலும் 5 மில்லிமீட்டர் ஆழப் பள்ளத்தின் அடிக்கு அது போகாது. போனாலும், உள்ளிருந்து கசியும் திரவம் அதை நிமிடங்களில் வெளியே தள்ளிவிடும். இதற்கு முன்பு டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் ஏற்றிய செயற்கை பாலிமர் நூல் ஒன்று இருந்தது. பள்ளத்தைச் சுற்றி அதைத் திணித்து, பத்து நாள் கழித்து மருத்துவர் திரும்ப உருவி எடுக்க வேண்டும். நன்றாக வேலை செய்தது. ஆனால் எடுக்க வேண்டும் என்ற அந்த ஒரு விஷயம் நோயாளிக்கும் மருத்துவருக்கும் பாரமாக இருந்தது. ஜெலட்டின் சில்லு 1998-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றபோது, இரண்டாவது வருகை இல்லை என்பதே அதன் பெரிய பலமாக இருந்தது.

போட்ட இடத்தில் பத்து நாளைக்குப் பல்லிடுக்கு நூலை விட வேண்டாம் என்பது விதி. அந்த நாள் உங்களுக்கு முடிந்துவிட்டது, இனி விடலாம். அப்புறம் ஒன்று: சில்லு என்பது வேர் வரை செய்யும் சுத்தத்துக்குத் துணை மட்டுமே. சராசரியாக அது கூடுதலாகக் குறைக்கும் பள்ளத்தின் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. சுத்தம் செய்ய மருத்துவர் அடுத்த முறை கூப்பிட்டால் தவறாமல் போங்கள்.

கேள்வி: எனக்கு இறால் ஒவ்வாமை. கைட்டோசான் என்ற பொருள் இறால் ஓட்டில் செய்வது என்கிறார்கள். அந்தக் கட்டு எனக்குப் போடலாமா?

போடுவதற்கு முன்னால் இந்த ஒவ்வாமையை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அது உங்கள் பொறுப்பு. இறால் ஒவ்வாமை பெரும்பாலும் அதன் சதையில் இருக்கும் ட்ரோப்போமயோசின் என்ற புரதத்தால் வருகிறது. கைட்டோசான் சர்க்கரைச் சங்கிலி, புரதம் கிடையாது. மருத்துவத் தரத்தில் தயாரிக்கும்போது புரதத்தைக் காரத்தில் வேகவைத்து நீக்கிவிடுவார்கள். அதனால் ஆபத்து குறைவு. குறைவு என்றுதான் சொல்கிறேன், இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. தயாரிப்பவர் எவ்வளவு நன்றாகச் சுத்தம் செய்தார் என்பதைப் பொறுத்தது அது.

இதன் மூலப்பொருளான கைட்டினை முதன்முதலில் கண்டறிந்ததும் இறாலில் இல்லை, காளானில். ஆண்டு 1811, கண்டவர் ஆன்ரி பிராக்கோனோ. இன்றும் காளானிலிருந்து எடுத்த கைட்டோசான் கிடைக்கிறது. உங்கள் மருத்துவர் அந்த வகையைக் கேட்டு வாங்கலாம்.

கேள்வி: கணவருக்குக் கருவிழியில் புண். ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை, ராத்திரியும் எழுப்பி மருந்து விடச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு நாளாக இருவருக்கும் தூக்கம் இல்லை. ஒரே தடவை ஜெல்லாக வைத்துவிட முடியாதா?

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மணிக்கொரு முறை அலாரம் வைத்து எழுந்து, கை நடுங்காமல் ஒரு சொட்டு விட்டு, மறுபடி படுப்பது எவ்வளவு சோர்வு என்று எனக்குத் தெரியும். தயவுசெய்து நிறுத்திவிடாதீர்கள். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று சொல்கிறேன். தெரிந்தால் எழுந்திருப்பது கொஞ்சம் சுலபமாக இருக்கும்.

கண்ணில் எப்போதும் இருக்கும் கண்ணீர் சுமார் 7 மைக்ரோலிட்டர். இமை தளும்பாமல் அதிகபட்சம் 30 மைக்ரோலிட்டர் வரை தாங்கும். பாட்டிலிலிருந்து விழும் ஒரு சொட்டோ 30 முதல் 50 வரை. ஆக, சொட்டு விழுந்தவுடனே ஒரு பங்கு கன்னத்தில் வழிந்துவிடுகிறது. கண் சிமிட்டச் சிமிட்ட மீதி மூக்குக்குள் வடிகிறது. சில மருந்து விட்டதும் தொண்டையில் கசக்கிறதே, அது இந்த வழியாகப் போனதுதான். சில நிமிடத்தில் கண் பழையபடி கழுவி விட்டது போல ஆகிவிடும். விட்டதில் ஐந்து சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கண்ணுக்குள் நுழைகிறது. ஆனால் கிருமியோ கருவிழியைக் கரைத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் முதல் இரண்டு நாள் மணிக்கொரு முறை.

நீங்கள் கேட்டதை ஆய்வாளர்கள் பல வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜெல்லன் என்று ஒரு பாலிமர் இருக்கிறது. ஒரு பாக்டீரியா தயாரிப்பது. பாட்டிலில் நீர் போல ஓடும், கண்ணீரில் இருக்கும் சோடியத்தையும் கால்சியத்தையும் தொட்டதும் ஜெல்லாக உறையும். கண் அழுத்த நோய்க்கு இதை வைத்து ஒரு சொட்டு மருந்து பல வருடங்களாகப் பயன்பாட்டில் இருக்கிறது; இரண்டு வேளை விட வேண்டியது ஒரு வேளையாகக் குறைந்தது. கைட்டோசானும் கண்ணுக்குப் பொருத்தமான ஆள்தான். அதற்கு நேர் மின்னூட்டம், கண்ணின் மேலுள்ள சளிப்படலத்துக்கு எதிர் மின்னூட்டம். ஒட்டிக்கொள்ளும். 1922-ல் அலெக்சாண்டர் ஃபிளெமிங் கண்டுபிடித்த லைசோசைம் என்ற நொதி நம் கண்ணீரிலேயே இருக்கிறது. அது கைட்டோசானை மெல்ல வெட்டிவிடும். எனவே வெளியே எடுக்க வேண்டிய வேலையும் இல்லை.

பிறகு ஏன் கருவிழிப் புண்ணுக்கு இன்னும் சொட்டு மருந்துதான்? ஜெல் பார்வையை மறைக்கும். மருத்துவர் புண்ணின் ஓரத்தைத் தினமும் பார்க்க வேண்டும். மருந்து வேலை செய்யவில்லை என்றால் அன்றே மாற்ற வேண்டும். உள்ளே போய் ஒட்டிக்கொண்ட மருந்தை மாற்ற முடியாது. கண் அழுத்தம் மெதுவாக நடக்கும் நோய், அங்கே ஒரே அளவு மருந்து சீராக வந்தால் போதும். தொற்றில் முதல் நாளே கிருமியைத் திணறடிக்கும் செறிவு வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ஜெல்லில் தருவதுதான் இன்னும் சரியாகக் கைவராத வேலை.

இப்போது உங்களால் செய்யக்கூடியது: சொட்டு விட்டதும் கண்ணை மெல்ல மூடச் சொல்லி, மூக்கை ஒட்டிய உள் மூலையை விரலால் ஒரு நிமிடம் லேசாக அழுத்திப் பிடிக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். புண் ஆழமாக இருந்தால் கண்ணைத் தொடவே வேண்டாம் என்பார். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் விடுங்கள். ஒன்று மற்றதைக் கழுவிவிடும். ராத்திரி முறையை வீட்டில் வேறு யாருடனாவது பங்கிட்டுக்கொள்ளுங்கள். நீங்களும் தூங்க வேண்டும்.

கேள்வி: இயற்கைப் பொருள் என்றால் கெடுதல் இல்லைதானே? பிறகு ஏன் இதை எல்லா அறுவை சிகிச்சையிலும் வைப்பதில்லை?

வைத்துப் பார்த்தார்கள். அந்தக் கதை எனக்கு வேலையில் கிடைத்த மிகப் பெரிய பாடம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எலும்புத் தொற்றுக்கு முன்பு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஏற்றிய அக்ரிலிக் மணிகளைக் கம்பியில் கோத்து உள்ளே வைப்பார்கள். அது செயற்கை பாலிமர், கரையாது. எடுக்க இன்னொரு அறுவை வேண்டும். அதற்குப் பதிலாக வந்தது கொலாஜன் பஞ்சு. விலங்கின் தசைநாரிலிருந்தோ தோலிலிருந்தோ எடுத்த கொலாஜனை உலர்த்திப் பஞ்சாக்கி, அதில் ஜென்டாமைசினை ஏற்றியிருப்பார்கள். உள்ளே வைத்துத் தைத்துவிடலாம், சில வாரத்தில் தானாகக் கரையும். 1980-களிலிருந்து ஐரோப்பாவில் பயன்பாட்டில் இருந்தது.

சுவீடனில் இதய அறுவை செய்துகொண்ட சுமார் 2000 பேரிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. நெஞ்செலும்பின் நடுவே பஞ்சை வைத்தவர்களில் 4.3 சதவீதத்தினருக்கு மட்டும் தொற்று வந்தது. வைக்காதவர்களில் 9 சதவீதம். பாதிக்குப் பாதி! எங்கள் ஆய்வகத்தில் அந்தக் கட்டுரையை நகல் எடுத்துச் சுவரில் ஒட்டியிருந்தோம்.

2010-ல் அமெரிக்காவிலிருந்து இரண்டு ஆய்வுகள் வந்தன. முதலாவது அதே இதய அறுவை, 1502 பேர், எல்லோரும் சர்க்கரை நோயோ அதிக எடையோ உள்ளவர்கள். பஞ்சு வைத்தவர்களில் 8.4 சதவீதம், வைக்காதவர்களில் 8.7. வித்தியாசமே இல்லை. இரண்டாவது பெருங்குடல் அறுவை, 602 பேர். பஞ்சு வைத்தவர்களில் 30 சதவீதத்தினருக்குத் தொற்று; வைக்காதவர்களில் 20.9. அதாவது, காக்க வைத்த பஞ்சு தொற்றைக் கூட்டிவிட்டது.

சுவரில் ஒட்டிய தாளை யாரும் கிழிக்கவில்லை. இந்த இரண்டையும் பக்கத்திலேயே ஒட்டினோம்.

ஏன் இப்படி ஆனது? என் கருத்தைச் சொல்கிறேன். பஞ்சில் ஜென்டாமைசின் கட்டுண்டு இருப்பதில்லை, சும்மா ஊறியிருக்கிறது. ஈரம் பட்டதும் பெரும்பகுதி சீக்கிரமே வெளியே வந்துவிடுகிறது. முதலில் வெள்ளம், அப்புறம் வறட்சி. மருந்து தீர்ந்த பிறகும் கொலாஜன் அங்கேயே கிடக்கிறது. வயிற்றுக் காயம் குடல் கிருமிகள் நிறைந்த இடம். மருந்து காலியான பஞ்சு அவற்றுக்குத் தங்குமிடமாகலாம், காயத்திலிருந்து வடிய வேண்டிய நீரையும் அடைக்கலாம். பாலிமரின் ஆயுளும் மருந்தின் ஆயுளும் ஒன்றாக முடிய வேண்டும். மருந்து முன்னால் போய்ப் பாலிமர் பின்னால் தங்கினால் ஆபத்து. பாலிமர் முதலில் கரைந்து மருந்து மொத்தமாகக் கொட்டினாலும் ஆபத்து.

இயற்கை என்ற சொல்லுக்கு வருகிறேன். கிருமிகளுக்கும் இது இயற்கைப் பொருள்தான். ராபர்ட் கோக் 1881-ல் கிருமிகளை வளர்க்கப் பயன்படுத்திய தளம் ஜெலட்டின். சில கிருமிகள் அதைத் தின்று நீராக்கிவிட்டதால், ஃபேனி ஹெஸ்ஸே சொன்ன யோசனைப்படி அடுத்து வந்தது அகர், அதுவும் கடற்பாசிப் பொருள். ஆகவே ஒரு வாசகி கேட்டிருந்தது போல, சமையல் ஜெலட்டினை வாங்கிக் காய்ச்சி ஆன்டிபயாட்டிக் மாத்திரையைப் பொடித்துப் போட்டு வீட்டிலேயே புண்ணில் தடவுவது வேண்டவே வேண்டாம். கிருமிக்குச் சாப்பாடு போட்டு, கூடவே குறைந்த அளவு மருந்தைக் காட்டி, அதை மருந்துக்கு மசியாமல் பழக்குவதாக ஆகிவிடும்.

கேள்வி: மருந்தாக்கியல் இறுதியாண்டு மாணவன் நான். கைட்டோசான் படலத்தில் ஆன்டிபயாட்டிக் ஏற்றி, கிருமித் தட்டில் சோதித்தேன். மருந்தே இல்லாத வெறும் படலமும் கிருமியைக் கொன்று, தன்னைச் சுற்றிக் கிருமி வளராத நல்ல வளையம் காட்டுகிறது. இதை என் கண்டுபிடிப்பாக எழுதலாமா?

எழுதுவதற்கு முன்னால் படலத்தை முகர்ந்து பாருங்கள்.

கைட்டோசான் நீரில் கரையாது, அதனால் நீங்கள் அசிட்டிக் அமிலத்தில்தான் கரைத்திருப்பீர்கள். ராத்திரி முழுவதும் கலக்கி, காலையில் கரையாத துணுக்குகளை வடிகட்டி, தட்டில் ஊற்றிக் காய வைத்திருப்பீர்கள். காய்ந்த படலத்தில் வினிகர் வாசனை இன்னும் இருந்தால், கிருமியைக் கொன்றது அந்த அமிலமாக இருக்கலாம். என் முதல் வருடத்தில் நானும் இப்படித்தான் இரண்டு மாதம் சந்தோஷமாக இருந்தேன். எங்கள் மூத்த ஆய்வாளர் வந்து, கைட்டோசானே இல்லாமல் அதே அளவு அமிலம் நனைத்த வட்டத் தாளை வைத்துப் பார் என்றார். வைத்தேன். அதே வளையம்.

படலத்தைக் காரத்தில் நடுநிலையாக்கி, நன்றாகக் கழுவி, மறுபடி சோதியுங்கள். அமிலம் மட்டும் வைத்த தட்டு ஒன்று கூடவே இருக்கட்டும். கைட்டோசானின் நேர் மின்னூட்டம் அமிலச் சூழலில்தான் முழுதாக இருக்கும். காரகாடி எண் (pH) 6.5 தாண்டினால் குறைந்துகொண்டே வரும். ரத்தத்தின் எண் 7.4. உங்கள் படலம் நிஜப் புண்ணில் எவ்வளவு வேலை செய்யும் என்பதை அந்த எண்ணில் சோதித்தால்தான் தெரியும்.

வாங்கிய டப்பாவில் இருக்கும் தொகுதி எண்ணையும் குறித்து வையுங்கள். இயற்கைப் பாலிமர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. கடற்பாசி எந்தப் பருவத்தில் அறுத்தது, தண்டா இலையா என்பதைப் பொறுத்துக்கூட ஆல்ஜினேட்டின் உறுதி மாறும். புது டப்பா திறந்த அன்று ஒரு வருட வேலை ஆட்டம் கண்டதை நான் பார்த்திருக்கிறேன். பழைய டப்பாவில் கெட்டியாக நின்ற மணி, புதியதில் விரல் பட்டாலே நசுங்கியது. கிருமி நீக்கத்துக்காகச் சூடோ காமா கதிரோ கொடுத்தால் சங்கிலி அறுபடும். அதற்குப் பிறகும் ஒரு முறை அளந்து பாருங்கள். மருந்து வெளிவரும் அளவை 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை எடுத்தால் போதாது. முதல் ஒரு மணி நேரத்தில் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எடுங்கள். வெள்ளம் அங்கேதான் வருகிறது.

கேள்வி: அம்மாவுக்கு வாயில் வெள்ளைப் பூஞ்சை. மேல் ஈறில் ஒட்டும் மைக்கோனசோல் மாத்திரை கொடுத்தார்கள். நேற்று பாதி நாளில் கழன்றுவிட்டது, தெரியாமல் விழுங்கியும்விட்டார். என்ன செய்வது?

பயப்பட வேண்டாம். எத்தனை மணி நேரம் ஒட்டியிருந்தது என்பதுதான் கேள்வி.

அது 50 மில்லிகிராம் மாத்திரை, ஒட்டும் பொருளாக அதில் இருப்பது பால் புரதம். அம்மாவுக்குப் பால் புரத ஒவ்வாமை இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்றாலும் சொல்ல வேண்டும். ஒட்டிய ஆறு மணி நேரத்துக்குள் கழன்று கையில் கிடைத்தால் அதையே மறுபடி ஒட்டலாம். ஆறு மணி நேரத்துக்குள் விழுங்கிவிட்டால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் புது மாத்திரை ஒன்றை, ஒரே ஒரு முறை மட்டும், ஒட்டிக்கொள்ளலாம். ஆறு மணி நேரம் தாண்டியிருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம், மறுநாள் வழக்கமான நேரத்தில் அடுத்ததை வைத்தால் போதும்.

ஒட்டும்போது கை உலர்ந்திருக்க வேண்டும். மாத்திரையின் ஒரு பக்கம் உருண்டையாக, மறு பக்கம் தட்டையாக இருக்கும். உருண்டைப் பக்கம் ஈறின் மேல் படும்படி, முன்பல்லுக்கு மேலே வைத்து, வெளியே உதட்டின் மேலிருந்து விரலால் 30 நொடி அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இன்று இடப்பக்கம் என்றால் நாளை வலப்பக்கம்.